ஒரே சிறுநீரில் இரு புற்றுகள்

வலி இல்லை, எரிச்சல் இல்லை, சிறுநீர் மட்டும் சிவப்பாகப் போகிறது என்று ஒருவர் வருகிறார். வயது அறுபதைத் தாண்டியவர். நெடுங்காலம் பீடியோ சிகரெட்டோ பிடித்தவர். ஸ்கேனில் சிறுநீர்ப்பைச் சுவரில் கட்டி தெரிகிறது. இவ்வளவு விவரம் கையில் இருந்தும், அது எந்த வகைப் புற்று என்று அந்தக் கட்டத்தில் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. சிறுநீர்ப்பைப் புற்றுகளில் சுமார் 90 சதவீதம், பையின் உட்படலமான யூரோதீலியத்தில் பிறக்கும் யூரோதீலியல் புற்று. நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டாத அளவில் வருவது சிறுசெல் புற்று. இரண்டுக்கும் பெரும்பாலும் முதல் அறிகுறி ரத்தம்தான். இரண்டும் ஆண்களையே அதிகம் பிடிக்கின்றன. இரண்டுக்கும் பின்னால் புகைப்பழக்கம் இருக்கிறது. பிரித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு நுண்ணோக்கிக்கு வருகிறது.

சிறுநீரோடு உதிர்ந்து வரும் செல்களைக் கொண்டு இந்த இரண்டையும் எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்பதை அருகருகே வைத்துப் பார்க்கப் போகிறேன். சிறுநீர்ப்பையில் வேறு அரிய வகைகளும் உண்டு. அவற்றை விட்டுவிட்டுச் சிறுசெல் வகையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இங்கே பெயர் மாறினால் சிகிச்சையின் வரிசையே மாறிவிடுகிறது என்பதுதான்.

முதலில் அந்த வரிசையைச் சொல்லிவிடுகிறேன். யூரோதீலியல் புற்று என்றால் சிறுநீர்த் துவாரம் வழியாகக் கருவியைச் செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுப்பார்கள். புற்று பையின் தசைக்குள் இறங்காமல் இருந்து, தரத்தில் மோசமானதாக (உயர்தரம் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்) இருந்தால், பி.சி.ஜி. மருந்தைப் பைக்குள் செலுத்துவார்கள். காசநோய்த் தடுப்பூசியாக நம் குழந்தைகளுக்குப் போடும் அதே பி.சி.ஜி.தான், சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அது பயன்படும் என்று கனடாவில் அல்வாரோ மொராலஸ் 1976இல் எழுதினார். தசைக்குள் இறங்கியிருந்தால் பையையே அகற்றும் பெரிய அறுவை சிகிச்சை. உடல்நிலை இடம் கொடுத்தால் அதற்கு முன்னால் கீமோ.

சிறுசெல் புற்றில் பி.சி.ஜி.க்கு வேலையே இல்லை. கண்டுபிடிக்கும்போதே அது பெரும்பாலும் தசைக்குள் இறங்கியிருக்கும். பலருக்கு, ஸ்கேனில் தெரியாத துணுக்குகளாக வேறு உறுப்புகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே கத்தியை எடுப்பதற்கு முன் கீமோ. அதுவும், நுரையீரல் சிறுசெல் புற்றுக்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு போன்ற மருந்துகள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 2004இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் கீமோ பெற்றுப் பிறகு அறுவை செய்துகொண்டவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 78 சதவீதம் பேர் புற்றுக்குத் தப்பியிருந்தார்கள். முதலில் அறுவை செய்துகொண்டவர்களில் அது 36 சதவீதம். நோயாளிகளின் எண்ணிக்கை சிறியது, பழைய பதிவுகளைப் புரட்டிச் செய்த ஆய்வு. எண்களை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கண்டுகொள்ளாமல் போகவும் முடியாது. யூரோதீலியல் என்று பெயர் எழுதப்பட்ட ஒரு சிறுசெல் நோயாளி இந்த இரண்டில் எந்தப் பக்கம் போய் நிற்பார் என்பதை நினைத்துப் பார்த்தால், ஸ்லைடின் முன் உட்கார்பவருக்கு அவசரம் வராது.

சிறுநீரில் புற்றுச் செல்லைத் தேடும் பழக்கம் பழையது. 1856இல் பிராக் நகரில் லாம்ப்ல் என்ற மருத்துவர், நோயாளியின் சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தே சிறுநீர்ப்பைப் புற்றைக் கண்டறியலாம் என்று எழுதினார். அதைப் பெரிதாக யாரும் கையில் எடுக்கவில்லை. 1945இல், கருப்பைவாய்ப் பரிசோதனையால் பெயர் பெற்ற ஜார்ஜ் பாப்பனிக்கோலாவும் சிறுநீரக அறுவை மருத்துவர் விக்டர் மார்ஷலும் சிறுநீர்ப் படிவில் செய்த ஸ்மியர் பற்றி 'சயன்ஸ்' இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். அதன் பிறகுதான் யூரின் சைட்டாலஜி மருத்துவமனைகளின் அன்றாட வேலையாயிற்று. சிறுநீர்ப்பையின் சிறுசெல் புற்றோ மருத்துவ இதழில் தனிப்பெயர் பெற 1981 வரை காத்திருந்தது. கிராமரும் சக ஆய்வாளர்களும் ஒரு கட்டியை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நரம்புச் சுரப்பு செல்களில் இருக்கும் நுண்மணிகள் அதில் தென்பட்டன. ஆக ஒன்றுக்கு முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் கண் பழகியிருக்கிறது. மற்றது நேற்று வந்தது. அரிதாக வருகிறது என்பதும் சேர்ந்துகொள்ள, பெரிய ஆய்வகத்தில் இருப்பவர்கூட இதைப் பல நாள் இடைவெளியில் ஒருமுறைதான் பார்க்கிறார்.

இனி ஸ்லைடுக்கு வருவோம். பாப்பனிக்கோலா சாயம் ஏற்றிய ஒரு ஸ்லைடில் உயர்தர யூரோதீலியல் புற்று எப்படி இருக்கும்? பின்னணியில் இயல்பான செல்கள் இருக்கின்றன: யூரோதீலியத்தின் மேலடுக்கில் இருக்கும் பெரிய குடைச் செல்கள், அகன்ற சைட்டோபிளாசம், ஒன்றோ இரண்டோ உருண்டையான உட்கரு. அவற்றின் நடுவே புற்றுச் செல் கண்ணில் அடிக்கிறது. உட்கரு செல்லின் பத்தில் ஏழு பங்குக்கும் மேல் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நிறம் மைக்கறுப்பு. விளிம்பு ஒழுங்கில்லாமல் ஓரிடத்தில் புடைத்தும் ஓரிடத்தில் உள்வாங்கியும் இருக்கிறது. உட்கருவுக்குள் இருக்கும் மரபுப்பொருளான குரோமாட்டின் கரடுமுரடான கட்டிகளாகத் திரண்டிருக்கிறது. சில செல்களில் நியூக்ளியோலஸ் பெரிதாகத் தெரிகிறது. சைட்டோபிளாசம் குறைந்திருந்தாலும் இருக்கத்தான் செய்கிறது. அதன் ஓரத்தைக் கண்ணால் சுற்றி வர முடிகிறது. இன்னொரு செல்லைப் பார்த்தால் இதைப்போல் இரண்டு மடங்கு, அடுத்தது பாதி. இந்த ஏற்றத்தாழ்வே அதன் முத்திரை.

சிறுசெல் புற்றின் செல் அளவில் சிறியது. லிம்போசைட் என்னும் வெள்ளை அணுவைப்போல் இரண்டு, மிஞ்சினால் மூன்று மடங்கு. சைட்டோபிளாசம் எங்கே என்று தேட வேண்டும். உட்கருவே செல் என்று சொல்லிவிடலாம். குரோமாட்டின் கட்டி தட்டாமல், உப்பும் மிளகும் சேர்த்துத் தூவியதுபோல் நுண்ணிய பொடியாகப் பரவியிருக்கும். நியூக்ளியோலஸ் இருக்காது, இருந்தாலும் பொருட்படுத்தும் அளவில் இராது. இரண்டு மூன்று செல்கள் ஒட்டிக் கிடக்கும் இடத்தில்தான் இதன் குணம் முழுதாக வெளிப்படுகிறது. ஓர் உட்கருவின் புடைப்பு அடுத்ததன் குழிவில் பொருந்தி, நடுவே நூல் நுழைய இடமில்லாமல் ஒன்றை ஒன்று அழுத்தி உருவத்தையே மாற்றிவிடுகின்றன. சுற்றிலும் செத்துச் சுருங்கிய செல்களின் கறுத்த புள்ளிகள், பிளவுபட்டுக்கொண்டிருக்கும் செல்கள், அழுகிய சிதைவு. ஸ்லைடில் தேய்க்கும்போது உடைந்த உட்கருக்களின் சாரம் நீலக் கோடுகளாக இழுபட்டுக் கிடப்பதையும் பார்க்கலாம். அவ்வளவு மென்மையான செல் அது. கண்ணாடியின் அழுத்தம்கூடத் தாங்காது.

எழுத்தில் வைத்துப் பார்க்கும்போது குழப்பத்துக்கே இடமில்லாததுபோல் தோன்றும். மேஜையில் அப்படி இல்லை. சிறுநீர் செல்லுக்கு நல்ல இருப்பிடம் ஆகாது. அமிலமும் உப்பும் சேர்ந்து செல்லை அரித்துவிடும். இரவெல்லாம் பையில் தேங்கிய காலை முதல் சிறுநீர் வேண்டாம், அடுத்த முறை போவதைக் கொடுங்கள் என்று ஆய்வகங்கள் கேட்பது இதனால்தான். பலருக்கு இது தெரியாது. சர்க்கரைப் பரிசோதனைக்குக் கொடுப்பதுபோல் எழுந்தவுடன் பிடித்து வந்து தருகிறார்கள், அதுவும் வெயிலில் ஒன்றரை மணி நேரம் பேருந்தில் வந்த பிறகு. அப்படி வந்த மாதிரியில் உயர்தர யூரோதீலியல் செல் என்னவாகிறது? சைட்டோபிளாசம் பிய்ந்து போகிறது. உட்கரு சுருங்கிக் கறுக்கிறது. கரடுமுரடான குரோமாட்டின் கரைந்து மழுங்குகிறது. சைட்டோபிளாசம் இல்லாத, சிறிய, கறுத்த செல்லாக அது சிறுசெல் புற்றின் வேடத்தில் நிற்கிறது. எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. சிறுசெல் புற்றின் செல்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தால், சிறுநீர்த் தொற்றில் வரும் லிம்போசைட்டுகள் என்று கண் அவற்றைக் கடந்து போய்விடும். லிம்போசைட் உருண்டையானது, பக்கத்துச் செல்லை அழுத்தாது, அதன் குரோமாட்டின் கட்டியாக இருக்கும். நிதானமாகப் பார்த்தால் பிடிபடும். ஆனால் நிதானமாகப் பார்க்கத் தோன்ற வேண்டுமே, அதற்கு அந்தப் பெயர் மனதில் முன்கூட்டியே இருந்தாக வேண்டும்.

ஸ்லைடு தயாரிக்கும் முறையும் இந்த இரண்டு செல்களை ஒரே மாதிரி நடத்துவதில்லை. கையால் தேய்த்த ஸ்மியரில் சிறுசெல் புற்றின் நீலக் கோடுகளும், ஒட்டி அழுத்திய கூட்டங்களும் நன்றாகத் தெரியும். இப்போது பெரிய ஆய்வகங்களில் பரவியிருக்கும் திரவ முறையில் செல்களைப் பதப்படுத்தும் திரவத்தில் போட்டு, ரத்தத்தையும் சளியையும் நீக்கி, மெல்லிய ஒற்றை அடுக்காக ஸ்லைடில் இறக்குகிறார்கள். யூரோதீலியல் புற்றைப் பார்ப்பதற்கு அது வசதி. ஒவ்வொரு செல்லும் துல்லியமாகக் கிடைக்கிறது. சிறுசெல் புற்றுக்கோ அதுவே இடைஞ்சல். கூட்டங்கள் பிரிந்துவிடுகின்றன, கோடுகள் மறைந்துவிடுகின்றன, சிதைவு பின்னணியில் பரவாமல் சிறு சிறு திரள்களாகச் செல்லோடு ஒட்டிக்கொள்கிறது. எனவே சந்தேகம் எழுந்தால் மீதியுள்ள சிறுநீரைச் சென்ட்ரிபியூஜில் சுற்றி, காற்றில் உலர்த்திய ஸ்மியர் ஒன்றைக் கீம்சா சாயத்தில் பார்ப்பது நல்லது. மீதியைக் கொட்டிவிடாமல் வைத்திருக்கும் ஆய்வகத்தில்தான் இது முடியும்.

இன்று உலகெங்கும் யூரின் சைட்டாலஜி அறிக்கையை எழுதப் பயன்படுவது பாரிஸ் முறை. 2013இல் பாரிஸில் கூடிய செல்லியல் மாநாட்டில் பேச்சு தொடங்கி, 2016இல் நூலாக வந்தது. 2022இல் இரண்டாம் பதிப்பு. அது செய்த நன்மை பெரியது. அதற்கு முன் 'அசாதாரணச் செல்கள்' என்ற ஒரே சொல்லால் ஆளாளுக்கு ஒன்றைக் குறித்தார்கள். நோயாளிக்கும் அறுவை மருத்துவருக்கும் பயன் இல்லை. பாரிஸ் முறை ஒரே இலக்கை வைத்தது: உயர்தர யூரோதீலியல் புற்றைத் தவறவிடாதே. அதற்கு அளவுகோலும் கொடுத்தது. உட்கரு செல்லின் பத்தில் ஏழு பங்கு, கருநிறம், கரடுமுரடான குரோமாட்டின், ஒழுங்கற்ற விளிம்பு. இப்படிப்பட்ட செல்கள் குறைந்தது ஐந்து முதல் பத்து வரை இருந்தால் உறுதி, குறைந்தால் சந்தேகம்.

அந்த முதல் அளவுகோலைச் சிறுசெல் புற்றின் மேல் வைத்துப் பாருங்கள். பத்தில் ஏழு என்ன, அதன் உட்கரு பத்தில் ஒன்பதைப் பிடித்திருக்கும். நிறமும் கறுப்பு. பட்டியலில் இரண்டு குறிகள் விழுந்துவிட்டன. அழுகி வந்த செல் என்றால் விளிம்பும் ஒழுங்கில்லாமல் இருக்கும், மூன்றாவது குறி. பெரும்பான்மையைப் பிடிப்பதற்காகப் போட்ட வலையில் சிறுபான்மையும் விழுந்து, அதே பெயரோடு வெளியே போய்விடுகிறது. காப்பாற்றுவது குரோமாட்டின் ஒன்றுதான்: கரடா, பொடியா? ஸ்லைடில் இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். பாரிஸ் முறையில் யூரோதீலியல் அல்லாத புற்றுகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. சிறுசெல் புற்றின் அடையாளங்களும் அங்கே உண்டு. குறை நூலில் இல்லை. நெரிசலான நாளில் முதல் பிரிவில் பொருந்தியதுமே அடுத்த ஸ்லைடை எடுத்துவிடும் பழக்கத்தில் இருக்கிறது.

இதைவிடச் சிக்கலான நிலை ஒன்று உண்டு. இந்த ஒப்பீட்டை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அதனால்தான். சிறுநீர்ப்பையின் சிறுசெல் புற்றுகளில் பாதியோ அதற்கு மேலோ தனியாக வருவதில்லை. அதே கட்டியில் யூரோதீலியல் புற்றும் கலந்தே இருக்கும். அப்படிப்பட்டவரின் சிறுநீரில் இரண்டு வகைச் செல்களும் உதிர்கின்றன. பெரிய, கரடான யூரோதீலியல் செல்தான் கண்ணுக்கு முதலில் படும். விடை கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் தேடல் நின்றுவிடும். ஸ்லைடின் மறு ஓரத்தில் கிடக்கும் சிறிய செல் கூட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் சிகிச்சையைத் தீர்மானிப்பது அந்தச் சிறிய கூட்டம். கலப்புக் கட்டியில் சிறுசெல் பங்கு கொஞ்சமாக இருந்தாலும் அதைச் சிறுசெல் புற்றாகவே நடத்துகிறார்கள். உயர்தர யூரோதீலியல் புற்று என்று உறுதியான பிறகும் ஸ்லைடை முழுவதும் பார்த்து முடிப்பது என்பதை ஆய்வகத்தின் எழுதப்பட்ட விதியாகவே வைக்க வேண்டும்.

பயாப்ஸி செய்யத்தானே போகிறார்கள், அதில் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் தெரிந்துவிடும். சிறுநீரில் கண்டதை மட்டும் வைத்துச் சிறுசெல் புற்று என்று முடிவு கட்டிக் கீமோ தொடங்குவதும் சரியான வழி ஆகாது. திசுவில் உறுதி செய்தே தீர வேண்டும். ஆனால் பயாப்ஸி, கருவி சுரண்டிய இடத்தைத்தான் காட்டும். கலப்புக் கட்டியின் யூரோதீலியல் பகுதி மட்டும் துண்டில் வந்தால் அறிக்கையும் அப்படியே வரும். சிறுநீரோ பையின் உட்சுவர் முழுவதையும் தொட்டு வருகிறது. சிறுசெல் ஐயம் என்று சைட்டாலஜி அறிக்கையில் ஒரு வரி இருந்தால், பயாப்ஸி பார்ப்பவர் கூடுதல் துண்டுகளை வெட்டிப் பார்ப்பார், அறுவை மருத்துவர் இன்னும் ஆழமாக எடுத்து அனுப்புவார்.

சிறுநீர்ப் படிவிலேயே கூடுதல் சோதனைக்கும் வழி இருக்கிறது. செல்கள் போதுமான அளவில் இருந்தால் படிவைத் திரட்டி, மெழுகில் பதித்து, திசுவைப் போலவே மெல்லிய சீவல்களாக வெட்டுகிறார்கள். செல் பிளாக் என்பது இதன் பெயர். அதன்மேல் எதிர்ப்புரதச் சாயங்கள். சினாப்டோபைசின், குரோமோகிரானின், சி.டி.56, அண்மையில் வந்து நம்பிக்கை பெற்றிருக்கும் ஐ.என்.எஸ்.எம்.1 ஆகியவை சிறுசெல் புற்றின் நரம்புச் சுரப்புக் குணத்தைக் காட்டும். கெரட்டின் சாயம் சிறுசெல் புற்றில் பல நேரம் உட்கருவின் பக்கத்தில் ஒரு பொட்டாக மட்டும் பிடிக்கும். யூரோதீலியல் செல்லில் சைட்டோபிளாசம் முழுவதும் பரவும். சி.டி.45 பிடித்தால் அது லிம்போசைட்டோ லிம்போமாவோ, இந்தக் கதையே வேறு. காட்டா-3 என்ற சாயம் யூரோதீலியல் பக்கம் கை காட்டும் என்றாலும் சிறுசெல் புற்றிலும் சிலபோது பிடிப்பதால் அதை மட்டும் நம்பி எழுதக் கூடாது.

அடுத்த கேள்வி, சிறுசெல் என்று தெரிந்துவிட்டது, எங்கே பிறந்தது? யூரோதீலியல் புற்றுக்கு இந்தக் கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. சிறுநீரகத்தின் உட்குழியிலிருந்து சிறுநீர்ப்பை வரை உள்ள பாதையில் ஓரிடம். சிறுசெல் புற்று நுரையீரலில் பிறந்து இங்கே வந்திருக்கலாம். பக்கத்தில் உள்ள புராஸ்டேட்டிலிருந்து ஊடுருவியிருக்கலாம். நுண்ணோக்கியில் மூன்றும் ஒன்றுபோல் இருக்கும். நுரையீரலின் அடையாளம் என்று பழகிப்போன டி.டி.எஃப்.-1 சாயம், சிறுநீர்ப்பையின் சிறுசெல் புற்றிலும் கணிசமான பேருக்குப் பிடிக்கிறது. அதை நம்பி நோயாளியை நுரையீரல் பிரிவுக்கு அனுப்புவது தவறாகப் போகலாம். மார்பு ஸ்கேன் எடுப்பதே நேர்வழி. மரபணுச் சோதனைக்கு வசதி உள்ள இடங்களில் இன்னொரு தடயம் கிடைக்கிறது. டெர்ட் என்ற மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஏற்படும் மாற்றம் யூரோதீலியல் புற்றுகளில் மிகச் சாதாரணம். சிறுநீர்ப்பையின் சிறுசெல் புற்றுகள் பெரும்பாலானவற்றிலும் அதே மாற்றம் இருக்கிறது. நுரையீரலில் பிறந்த சிறுசெல் புற்றில் அதைக் காண்பது அரிது. சிறுநீர்ப்பையின் சிறுசெல் புற்றில் இந்த மாற்றத்தோடு டி.பி.53, ஆர்.பி.1 என்னும் இரண்டு காவல் மரபணுக்களும் பெரும்பாலும் சேர்ந்தே கெட்டுப் போயிருக்கும். நுண்ணோக்கியில் இத்தனை வேறுபட்டு நிற்கும் இரண்டு புற்றுகளும் பல நோயாளிகளில் ஒரே யூரோதீலியச் செல்லின் வழிவந்தவை என்பதை இரண்டிலும் காணப்படும் டெர்ட் மாற்றம் காட்டுகிறது. கலப்புக் கட்டிகள் ஏன் இவ்வளவு அதிகம் என்பதற்கும் விளக்கம் இங்கேதான்.

அந்த உறவு சிகிச்சைக்குப் பிறகும் தொடர்கிறது. கலப்புக் கட்டி உள்ளவர்களில் சிலருக்கு, கீமோவுக்குச் சிறுசெல் பகுதி முழுதும் கரைந்து, யூரோதீலியல் பகுதி எஞ்சி நிற்கிறது. சிறுநீர்ப்பையை அகற்றாமல் கீமோவும் கதிர்வீச்சும் பெற்றுத் தொடர் கண்காணிப்பில் இருப்பவரின் சிறுநீர் வரும்போது, பழைய அறிக்கையில் சிறுசெல் என்று இருப்பதால் சிறிய செல்லை மட்டும் தேடிவிட்டு 'இல்லை' என்று எழுதினால், எஞ்சி நிற்கும் பெரிய செல் தப்பிவிடும். முதல் முறை பெரிய செல்லைக் கண்டதும் நிறுத்தியது எவ்வளவு தவறோ அவ்வளவு தவறு இதுவும். ஆகவே கண்காணிப்புக்கு வரும் ஒவ்வொரு மாதிரியோடும் முந்தைய கட்டியில் என்னென்ன வகைகள் இருந்தன, என்ன மருந்து கொடுத்தார்கள், கதிர்வீச்சு உண்டா என்ற மூன்றையும் விண்ணப்பத் தாளில் எழுதி அனுப்பும்படி சிறுநீரகப் பிரிவைக் கேட்டு வாங்க வேண்டும். கதிர்வீச்சு பட்ட இயல்பான செல்கூடப் பெருத்து, கறுத்துப் புற்றுச் செல்போல் காட்டும் என்பதால், அந்தக் கடைசி விவரம் இல்லாமல் ஸ்லைடில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.